ரேஷன் பைக்குள் நம் விளைச்சல் வரட்டும்

இந்த மாதம் ரேஷன் பொருட்களை வாங்கி வந்ததும் பையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் இருக்கும். இதில் எது நம் பக்கத்து நிலங்களில் விளைந்தது?

அரிசியைப் பற்றி ஓரளவு பெருமையாகச் சொல்லலாம். 2002 அக்டோபர் முதல் தமிழக அரசே நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, ரேஷனுக்கு அனுப்புகிறது. டெல்டா விவசாயி நேரடி கொள்முதல் நிலையத்தில் போடும் நெல், ஏதோ ஓர் ஊரில் கூலித் தொழிலாளி வீட்டில் சோறாகிறது. வருமானம் பார்த்து யாரையும் ஒதுக்காத பொது ரேஷனும், 2011 ஜூன் முதல் தரப்படும் விலையில்லா அரிசியும் பட்டினிக்குப் பெரிய தடுப்பாக நிற்கின்றன.

ஆனால் வயிறு நிறைவது வேறு, உடம்பில் சத்து சேர்வது வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரிசியை மட்டும் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. 2023ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. அதற்காக ராகி, விவசாயிகளிடமே ஆதரவு விலைக்கு வாங்கப்பட்டது. 2023-24 பருவத்துக்கு அந்த விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். வியாபாரி சொன்னதே விலை என்றிருந்த மானாவாரி விவசாயிக்கு அரசும் ஒரு வாடிக்கையாளர் ஆனது.

எண்ணெயிலும் இதைச் செய்யலாமே! லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து வருகிறது. இங்கோ தேங்காய்க்கும் நிலக்கடலைக்கும் விலை விழுந்தால் விவசாயி தவிக்கிறார். விலை சரியும்போது ஆதரவு விலைக்குக் கொப்பரை வாங்கி, பிறகு சந்தையிலேயே விற்கிறார்கள். அதை எண்ணெயாக்கி ரேஷனில் கொடுத்தால் என்ன?

செலவு கூடும் என்பது உண்மைதான். பாமாயில் அளவுக்கு இவை மலிவல்ல. அதனால் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. விளையும் மாவட்டத்தில், விரும்பும் அட்டைதாரர்களுக்கு, மாதம் அரை லிட்டர் என்று தொடங்கலாம். கொள்முதல் நிலையத்தை அறுவடைக்கு முன்பே திறப்பதும், பணத்தைத் தாமதமின்றிக் கொடுப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் விவசாயி மறுபடியும் வியாபாரியிடமே போவார்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த கிராம சபையில், உங்கள் பகுதியில் விளையும் எந்தப் பொருளை ரேஷனில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். எத்தனை ஏக்கர் சாகுபடி, எந்த மாதம் அறுவடை, எவ்வளவு தர முடியும் என்பதையும் அதில் எழுதுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். கணக்கோடு கேட்டால் அதிகாரிகளும் பதில் சொல்லியாக வேண்டும்.