நாள் நீட்டிக் கேட்கும் விருந்தினர்: வீட்டுக்காரருக்குத் துணை யார்?

ஹபரணையிலிருந்து திருகோணமலை செல்லும் பிரதான வீதியில் கந்தளாய் ஓர் இடைத்தங்கல் ஊர். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளுக்கான பருவம் மே தொடங்கி செப்டெம்பர் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் இவ்வழியே போகிறவர்களில் சிலர் கடற்கரை விலைக்குக் கட்டுப்படியாகாமல் குளத்தையும் வயலையும் அண்டிய வீடுகளில் அறை தேடுகிறார்கள். இரண்டு நாளைக்கென்று வருபவர் இரண்டு வாரம் கேட்பார். பிறகு மூன்று மாதம் கேட்பார். வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் வயோதிபப் பெற்றோருக்கும், மேல்மாடியை வாடகைக்கு விடும் குடும்பத்துக்கும் இது நல்ல வருமானம். கேள்வி எழுவது, தங்கியவர் போக மறுக்கும்போதுதான்.

நீண்டகால விருந்தினரை எப்படிக் கையாள்வது என்பதில் அரசே தடுமாறியிருக்கிறது. உக்ரேன் போர் தொடங்கிய 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய, உக்ரேனியச் சுற்றுலாப் பயணிகளின் விசாக்கள் மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 288,000க்கும் அதிகமான ரஷ்யர்களும் ஏறத்தாழ 20,000 உக்ரேனியர்களும் இலங்கைக்கு வந்தனர். தெற்குக் கரையில் சிலர் உணவகமும் விடுதியும் நடத்தத் தொடங்கியதால் உள்ளூர் வியாபாரிகள் முறைப்பட்டனர். 2024 பெப்ரவரியில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், இரண்டு வாரங்களுக்குள் வெளியேறுங்கள் என்றது. அமைச்சரவையின் அனுமதியின்றி வெளியான அறிவித்தல் இது என்று கூறி ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டு ஆண்டு தாராளமும் இரண்டு வாரக் கெடுவும் ஒரே அரசிடமிருந்து வந்தவை. இடையில் விதி என்று ஒன்று இருக்கவில்லை.

தமிழர்களுக்கு இதே கேள்வியின் இன்னொரு முகம் நினைவிருக்கும். 2007 ஜூன் 7 அதிகாலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள், 'தக்க காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள்' என்று சொல்லப்பட்டு பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கும் வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் காத்திருந்தவர்கள் அவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை அடுத்து, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தங்குபவர் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அதிகாரத்தின் கையில் முழுதாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆகவே வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புக் கேட்கும்போது, தங்குபவரை நள்ளிரவில் தெருவில் விடும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். சாதாரணக் கடதாசியில் இருவரும் கையொப்பமிட்ட மூன்று மாத 'எக்ரிமென்ட்' நீதிமன்றத்தில் குத்தகையாக நிற்காது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளரை வலுவாகப் பாதுகாத்தது. பின்வந்த திருத்தங்கள் பல வீடுகளை அதன் பிடியிலிருந்து விடுவித்தன. குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வளவை விரைவாக மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கும் முறையான எழுத்து உடன்படிக்கையே அடிப்படை. வாய்ப்பேச்சை நம்பியவருக்கு அதில் இடமில்லை.

பலர் செய்யும் தவறு, பூட்டை மாற்றுவதும் கரண்டை வெட்டுவதும். அமைதிக்குப் பங்கம் வரக்கூடிய உடைமைத் தகராறுகளை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு, உடைமையைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதவான் உத்தரவிட முடியும். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே முதற்கேள்வி அல்ல. சொந்த வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலிலேயே எதிராளியாகிவிடுவார்.

ஆகவே வேலை முதல்நாளில் தொடங்க வேண்டும். நாள் நீடிக்கக் கேட்டால் புதிய திகதியும் புதிய தொகையும் எழுதி, முன்பணம் பெற்ற பிறகே சம்மதிக்க வேண்டும். மாதக்கணக்கில் தங்குபவர் விலைக்கழிவு கேட்பது நியாயமே. ஆனால் மின்கட்டணத்தை அதற்குள் அடக்கக் கூடாது. அலகு கூடக்கூடக் கட்டணப்படியும் ஏறுவதால், பகல் முழுதும் ஓடும் ஏசி ஒரு மாத இலாபத்தையே தின்றுவிடும். வந்த நாளிலும் மாத முடிவிலும் மின்மானி அளவை இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்வது சண்டையைத் தவிர்க்கும். சமையலறை, மேலதிக ஆட்கள், வளவுக்குள் வியாபாரம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டவரானால், விசா முடியும் திகதிக்கு அப்பால் ஒருநாள் கூட ஒப்புக்கொள்ளக் கூடாது. அனுமதிக் காலம் முடிந்தவரென அறிந்தே தங்கவைப்பவரும் குடிவரவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இவை தனிமனிதர் எடுக்கும் முன்னெச்சரிக்கை மட்டுமே. விடுதி விருந்தினருக்கும் வாடகைக் குடியிருப்பாளருக்கும் நடுவே நிற்கும் இந்த மூன்று மாத விருந்தினருக்கென்று எளிமையான ஒரு மாதிரி உடன்படிக்கை வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, பிரதேச செயலகத்தில் கிடைக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். நீண்டகாலம் தங்கும் பயணிகளை அழைக்கும் அரசு இதைச் செய்யாவிட்டால் இழப்பு வீட்டுக்காரரோடு நிற்காது. ஒருமுறை சூடுபட்டவர் அடுத்தமுறை வாசலுக்கு வரும் எவரையும் சந்தேகிப்பார். இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியைக்கும், வைத்தியசாலையில் உறவினரை வைத்துப் பார்க்க வந்த குடும்பத்துக்கும் கூட அந்தக் கதவு திறக்காது.