வண்டியோட்டியின் இல்லத்திற்கும் உரிமை உண்டு

ஹலாலான வழியில் பொருளீட்டிக் குடும்பத்தைப் பேணுவது ஒருவன் மீது கடமையாகும். ஆனால், மாதந்தோறும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் அக்கடமை நிறைவேறிவிடுமா? இரயில் ஓட்டுநர்களின் இல்லங்களில் இக்கேள்வி நாள்தோறும் எழுகிறது.

ஒரத்தநாட்டில் இரயில் நிலையம் இல்லை. குடும்பத்தை இவ்வூரில் வைத்துவிட்டுத் திருச்சியில் பணிபுரியும் ஓட்டுநர் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெளியூர் வண்டியை ஓட்டித் திரும்பியபின், 16 மணி நேர ஓய்வு என்பது பொதுவான விதி. தஞ்சை வழியாகப் பேருந்தில் வந்துபோக ஐந்து மணி நேரம். உறக்கத்திற்கு எட்டு மணி நேரம். எஞ்சுவது மூன்றே மணி நேரம்! குளிப்பதும், உண்பதும், தொழுவதும், பெற்றோரை நலம் விசாரிப்பதும் அதற்குள்தான். அந்நேரமும் நள்ளிரவாக அமைந்துவிட்டால், உறங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

2024 ஜூன் மாதத்தில் தெற்கு இரயில்வே ஓட்டுநர்கள் போராடியது இதற்காகவே. அந்த 16 மணி நேரத்துடன் வார ஓய்வான 30 மணி நேரத்தையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும். தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது. 48 மணி நேரத்திற்குள் தலைமையிடம் திரும்ப வழி வேண்டும் என்று அவர்கள் கோரினர். இதனைச் சோம்பலின் குரல் என்று எவரும் எண்ணலாகாது. கண்ணயர்ந்த ஓட்டுநரின் கையில் பயணிகள் அனைவரின் உயிரும் அன்றோ இருக்கிறது?

நபித்தோழர் அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர்களுடைய இல்லம் வாடியிருக்கக் கண்ட சல்மான் (ரலி), அவர்களை உண்ணவும் உறங்கவும் செய்து, இரவின் கடைசிப் பகுதியில் தொழ எழுப்பினார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்திற்கும் உரிய உரிமைகளை அவரவர்க்கு வழங்குமாறு அறிவுறுத்தினார்கள். சல்மான் கூறியது உண்மையே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஏற்றார்கள். இறைவணக்கமே இல்லத்தாரின் உரிமையை விழுங்கக் கூடாதெனில், உத்தியோகம் விழுங்கலாமா?

எனவே, பணிநேரத்தை வகுப்போர் ஓய்வைச் சலுகையாகக் கருதாமல் உரிமையாக ஏற்கவேண்டும். இல்லத்தாருக்கும் பொறுப்புண்டு. இரவுப் பணி முடித்து வந்தவரைப் பகலில் உறங்கவிடுங்கள். நிக்காஹ்வுக்கு வரவில்லையென்று உறவினர் மனத்தாங்கல் கொள்ளவேண்டாம். பெருநாளன்றும் அவர் பணியிலிருக்க நேர்ந்தால், அவர் வந்துசேரும் நாளில் பிள்ளைகளுடன் ஒன்றாய் அமர்ந்து உண்ணுங்கள். ஓட்டுநர்களே, கிடைக்கும் அந்த மூன்று மணி நேரத்தையும் கைபேசிக்குப் பறிகொடுத்துவிடாதீர்கள்! அது உங்கள் மனைவி மக்களுக்குரிய அமானிதம்.

உழைப்போரின் பயணத்தையும் அவர்தம் இல்லங்களையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.