ஒரு வருஷம் தருவீங்களா பாஸ்?

ஒரகடம் பக்கம் பஸ்ல போனா உங்க கண்ணு எங்கே போகும்? நிஸான், டெய்ம்லர், என்ஃபீல்டு... எந்த கம்பெனி நம்ம கேம்பஸுக்கு வரும்னு மனசு கணக்குப் போடும். ராத்திரி மூடின கடை வாசல்ல துண்டை விரிச்சுப் படுக்கிறவர் அந்தக் கணக்குல வரமாட்டார்.

சென்சஸ் கணக்குல வர்றார். 2011-ல நாடு முழுக்க வீடில்லாதவங்க சுமார் 17.7 லட்சம் பேர். பிளாட்பாரம், கோயில் மண்டபம் மட்டுமில்ல, ஹியூம் பைப்புக்குள்ள தூங்குறவங்களையும் சேர்த்துத்தான் எண்ணினாங்க.

அமெரிக்காவில டிகிரி முடிச்ச கையோட இவங்களுக்காக ஒரு வருஷம் ஒதுக்குற பசங்க இருக்காங்க. 'ஜெஸ்யூட் வாலன்டியர் கோர்' 1956-ல அலாஸ்காவில ஒரு பள்ளிக்கூடத்தில ஆரம்பிச்ச கிறிஸ்தவ சேவை. ஒரே வீட்டில நாலைஞ்சு பேர், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. பிரசங்கம் பண்ணவான்னு கேட்காதீங்க. ஷெல்டர்ல சாப்பாடு, ஆஸ்பத்திரித் துணை, முக்கியமா பேப்பர் வேலை. அடையாள அட்டை தொலைஞ்ச ஆளுக்கு முகவரியே இல்லைன்னா புது அட்டை வாங்குறது எவ்வளவு பாடுன்னு யோசிங்க!

எஜுகேஷன் லோன் கழுத்துல இருக்கிறவர்கிட்ட ஒரு வருஷம் கேட்க எனக்கு வாய் வரலை. சனிக்கிழமை கேட்கலாம்தானே? பெரிய நகரங்கள்ல லட்சம் பேருக்கு ஒரு 24 மணி நேர ஷெல்டர் வேணும்னு 2010-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சென்னையில மாநகராட்சி ஷெல்டர்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துறாங்க. தாம்பரம் வரை பஸ், அப்புறம் டிரெயின். "மனு எழுத ஆள் வேணுமா?"ன்னு கேட்டுப் பாருங்க.