பகைவன் வீட்டில் நம் பிள்ளை

இரு நாடுகளுக்கிடையே பகை மூண்டால் முதலில் மூடப்படுவது எல்லை; அடுத்து மூடப்படுவது உள்ளம். எல்லையைத் திறக்க ஓர் ஒப்பந்தம் போதும்; உள்ளத்தைத் திறக்க எது போதும்? எந்த அமைச்சரின் கையொப்பத்துக்கு அந்த ஆற்றல் உண்டு?

பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் வேற்று நாட்டுக்குச் சென்று, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் பேசும் மொழியைப் பேசி, அவர்தம் பிள்ளைகளோடு பள்ளிக்குச் சென்று, பின்னர் தாயகம் திரும்பும் ஏற்பாட்டினை ‘இளைஞர் பரிமாற்றம்’ என்கின்றனர். “செல்வர் வீட்டுச் செல்லப் பிள்ளைகளின் உல்லாசப் பயணம் இது, ஊர்தோறும் கொடியேற்றி உழைக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் தோழர்களே, இது உல்லாசமன்று, அரசியல். அதுவும், துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னர் மக்கள் செய்யவேண்டிய அரசியல்.

பிரான்சும் ஜெர்மனியும் எழுபதே ஆண்டுகளில் மும்முறை மோதிக்கொண்டன: 1870இல், 1914இல், 1940இல். 1916ஆம் ஆண்டு வெர்டன் போர்க்களத்தில் மட்டும், இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 3 இலட்சம் வீரர்கள் மாண்டனர். 1944 ஜூன் 10ஆம் நாள், ஒராதூர் என்ற பிரெஞ்சுச் சிற்றூரில் நாஜிப் படையினர் புகுந்து, பெண்டிரென்றும் பிள்ளைகளென்றும் பாராமல் 640 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்று, ஊரையே கொளுத்தினர். எரிந்த வீடுகளின் சுவர்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன, சாட்சியாக.

அத்தகைய நாட்டிலே ஒரு தாயிடம் சென்று, “ஜெர்மானியச் சிறுவன் ஒருவன் வருகிறான், உன் மகனின் அறையில் அவனுக்கும் ஒரு கட்டில் போடு” என்று கேட்பதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! “உன் மகனை அந்த நாட்டுக்கு அனுப்பு” என்று கேட்பதற்கு அதனினும் மிகுதியாக வேண்டும் அன்றோ?

கேட்டார்கள். 1962 செப்டம்பர் 9ஆம் நாள், ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டிகால் ஜெர்மானிய இளைஞர்களிடையே பேசினார். அவர்தம் மொழியிலேயே பேசினார். அவர் யார்? 1916இல் அதே வெர்டனில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, முதல் உலகப்போர் முடியும் வரை கைதியாகக் கிடந்தவர்! கைதியாகக் கிடந்தவர், காவல் காத்தவர்களின் பேரப்பிள்ளைகளை நோக்கி நட்புக் கரம் நீட்டினார். அடுத்த ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், 72 வயது டிகாலும் 87 வயது அடினாரும் பாரிசில் எலிசே மாளிகையில் நட்புறவு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அதன் வழியே 1963 ஜூலை 5ஆம் நாள் பிறந்தது பிரெஞ்சு–ஜெர்மானிய இளைஞர் அலுவலகம். இரு அரசுகளும் பணம் தருகின்றன. இரு நாட்டவரும் கூடி நடத்துகின்றனர். இதுவரை அதன் திட்டங்களில் பங்குபெற்ற இளைஞர் தொகை 90 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை எங்கே இருக்கிறது தெரியுமா? சமன்மையில்! அலுவலகம் நடத்தும் திட்டங்களில் ஒன்றுக்கு, மொழிபெயர்ப்பாளராய் விளங்கி இரு நாட்டையும் இணைத்த பிரிஜித் சொசே அம்மையாரின் பெயரை வைத்துள்ளனர். அதன்படி ஒரு மாணவன் ஏறத்தாழ மூன்று மாதம் மறு நாட்டு மாணவனின் வீட்டில் தங்குவான். அந்த மாணவன் வந்து இவன் வீட்டில் அதேபோலத் தங்குவான். வால்டேர் பெயரால் அமைந்த மற்றொரு திட்டத்தில் ஆளுக்கு ஆறு மாதம். விருந்தினன் ஒருநாள் விருந்தளிப்பவன் ஆகிறான். கொடுப்பவன் கையே உயர்ந்திருப்பதும் இல்லை. கொள்பவன் தலை தாழ்ந்திருப்பதும் இல்லை.

சென்ற பிள்ளை அங்கே என்ன காண்கிறான்? கோபுரங்களையும் கோட்டைகளையும் காண்பவன் சுற்றுலாப் பயணி. இவன் காண்பது அடுப்பங்கரையை. பிரெஞ்சு வீட்டில் இரவு எட்டு மணிக்குச் சூடான உணவு. ஜெர்மானிய வீட்டிலோ, அந்தி சாயும் வேளையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக இராவுணவு முடிந்துவிடும். முதல் வாரம் பசியால் விழித்திருப்பான் ஒருவன். காத்திருந்தே களைப்பான் மற்றவன். பிரெஞ்சுப் பள்ளி மாலை ஐந்து மணிவரை நீளும். நெடுங்காலம் நண்பகலோடு வீடு திரும்பிப் பழகியது ஜெர்மானியப் பள்ளி. யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்கள்’ என்பது என்ற சிக்கல் நம் மொழியில் இருப்பது போன்றே அவ்விரு மொழிகளிலும் உண்டு. பகல் முழுவதும் பிறமொழியைக் கேட்டுக் கேட்டு, மாலையில் தலை கனக்கும். தாயின் குரலுக்கு மனம் ஏங்கும். உணவு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது, எதற்கென்று விளங்காமல் தானும் சிரித்து வைப்பான். பின்னர் ஒருநாள், விளங்கியே சிரிப்பான். அன்றுதான் எல்லைக்கோடு ஒன்று சத்தமின்றி அழிகிறது.

இது வெறும் உருக்கப் பேச்சா? இல்லை. பயனைக் காட்டுகிறேன், கேளுங்கள். ஒப்பந்தத்தின் 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2003 ஜனவரியில் இரு நாட்டு மாணவர் சுமார் 500 பேர் பெர்லினில் இளைஞர் மன்றமாகக் கூடினர். அவர்கள் கேட்டது விளையாட்டுத் திடலா? சலுகைப் பயணச் சீட்டா? “எங்கள் இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும்” என்று கேட்டனர்! 2006இல் அதன் முதல் தொகுதி வெளிவந்தது. இரு மொழியிலும் ஒரே உள்ளடக்கம். வென்றவன் ஒரு கதையும் தோற்றவன் ஒரு கதையும் படித்து வளர்ந்த தலைமுறைகளுக்குப் பின், ஒரே பக்கத்தை இருவரும் படித்தனர். பீரங்கி சாதிக்காததைப் பிள்ளைகளின் கோரிக்கை சாதித்தது. இந்த முன்மாதிரியைப் பின்பற்றி, இரத்த ஆறு ஓடிய பால்கன் பகுதியில் செர்பியா, கொசோவோ, போஸ்னியா உள்ளிட்ட ஆறு தரப்பும் சேர்ந்து 2016இல் தமக்கென ஓர் இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகம் கண்டன. அதன் தலைமையகம் அல்பேனியாவின் டிரானா நகரில் உள்ளது.

“எல்லாம் சரி, வல்லரசுகள் இதைப் பிரச்சாரக் கருவியாக்கவில்லையா?” என்று ஒரு தோழர் மடக்கலாம். ஆக்கின. மறுப்பதற்கில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்ததும், 1992இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, அந்நாடுகளின் பள்ளி மாணவர்களைத் தன் செலவிலேயே ஓராண்டு அழைத்து, அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைத்தது. நோக்கம் ஒளிவுமறைவற்றது: தங்கள் ஆட்சிமுறையின் பெருமையைக் காட்டுவது. 2014இல் ரஷ்யா அத்திட்டத்திலிருந்து விலகியது. ஒரு மாணவன் தாயகம் திரும்பவில்லை என்பது அது சொன்ன காரணம். உக்ரைன் தொடர்பான பகையோ அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. எவர் பக்கம் நியாயம் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். கதவு அடைபட்டது, இழந்தவர் யார்? ஆட்சியாளரா? பெட்டி கட்டக் காத்திருந்த பிள்ளைகள்!

அமெரிக்காவும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. 2025 மே மாதத்தில் மாணவர், பரிமாற்ற விருந்தினர் ஆகியோரின் புதிய விசா நேர்காணல்களுக்கு நாள் குறிப்பதையே நிறுத்தி வைத்தது. ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகங்களில் அவர்கள் என்ன எழுதினர் என்று துருவிப் பார்க்கும் நிபந்தனையையும் சேர்த்தது. விருந்துக்கு அழைத்துவிட்டு, வாயிற்படியில் நிறுத்தி நெஞ்சைச் சோதிப்பது எந்த ஊர்ப் பண்பு? பத்துக் குறட்பாக்களால் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழிக்குரியவர் நாம். கேட்கும் உரிமை நமக்குண்டு.

ஆயினும் பிரச்சாரத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஏன்? பத்து நாள் பயணிக்குத் திரை விரித்துக் காட்டலாம்; பத்து மாதம் உடன் உறையும் பிள்ளைக்கு எந்தத் திரையைக் காட்டுவது? மருத்துவமனைக் கட்டணச் சீட்டைப் பார்த்துக் கலங்கும் குடும்பத்தலைவனையும் அவன் காண்பான். அடுத்த வீட்டுக்காரருக்கு ஓடி உதவும் நல்லாளையும் அவன் காண்பான். அரசு காட்ட விரும்பியதும், மறைக்க விரும்பியதும் ஒரே கூரையின்கீழ் அவனுக்குத் தெரியும். அடுப்பங்கரையில் பொய் நெடுநாள் நில்லாது.

நாம் கவலைகொள்ள வேண்டியது வேறு இடத்தில். முதலாவது, பாதுகாப்பு. வேற்று நாட்டில், வேற்று வீட்டில், பதினாறு வயதுப் பிள்ளை! அமெரிக்காவில் அரசின் ஏற்பு பெற்ற பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில், ஏற்கும் குடும்பத்துக்குக் கூலி கிடையாது. அன்பினால் ஏற்பவரே பெரும்பாலோர். ஆனால் ஆள் கிடைத்தால் போதும் என்று அலட்சியமாகப் பிள்ளைகளை ஒப்படைத்த கொடுமையும் நிகழ்ந்தது. 2009இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிராண்டன் நகரில், அழுக்கடைந்த வீடுகளில் போதிய உணவுமின்றி அயல்நாட்டு மாணவர்கள் அல்லலுற்றது அம்பலமாயிற்று. அதன் பின்னரே விதிகள் இறுக்கப்பட்டன. வீட்டிலுள்ள வயதுவந்தோரின் குற்றப் பின்னணியை ஆராய்வதும், மாதந்தோறும் பிள்ளையோடு தொடர்புகொள்வதும் சலுகைகள் அல்ல, குறைந்தபட்சக் கடமைகள்.

இரண்டாவது, யார் செல்கிறார் என்ற கேள்வி. கட்டணம் கட்டுவோர் மட்டுமே செல்வதானால், உலகத்தை அறியும் உரிமையும் பரம்பரைச் சொத்தாகிவிடும். உழவன் மகளும் ஆலைத் தொழிலாளி மகனும் தங்கள் நாட்டின் தூதராகக் கூடாதா? அவர்கள் செல்லாத பரிமாற்றத்தில், ஒரு நாட்டின் மாளிகை மறு நாட்டின் மாளிகையோடு கைகுலுக்குகிறது. குடிசைகள் ஒன்றையொன்று அறியாமலே கிடக்கின்றன. போர் வந்தால் களத்துக்கு அனுப்பப்படுவோர் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முன்கூட்டியே ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியவர்களும் அவர்களே!

ஆகவே தோழர்களே, இளைஞர் பரிமாற்றம் என்ற சொல்லைக் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போக்கும் வரவும் இருதரப்புக்கும் ஒன்றுபோல் உண்டா? செலவைப் பொதுப்பணம் ஏற்கிறதா? பிள்ளையின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளி யார்? மூன்றுக்கும் நேரிய விடை கிடைத்தால், அது அமைதிக்கான முதலீடு. ஆதரியுங்கள், கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிட்டால், அது வணிகம், அல்லது வல்லரசின் விளம்பரம்.

முதல் உலகப் போரில் காயமுற்றோரைச் சுமந்த அமெரிக்க மருத்துவ வண்டித் தொண்டர்களின் அமைப்பு ஒன்று, இரண்டாம் உலகப் போரிலும் அதே பணியைச் செய்து முடித்தபின், 1947இல் 52 அயல்நாட்டு மாணவர்களை அழைத்துத் தன் பரிமாற்றப் பணியைத் தொடங்கியது. இரண்டு போர்களில் பிணமும் குருதியும் சுமந்து சலித்த கைகள் அவை. அடுத்த போரில் சுமப்பதற்கு ஆளில்லாமற் போகட்டும் என்றுதான் அவை பிள்ளைகளை வரவேற்றன. போர்க்களத்தில் கற்ற அந்தப் பாடத்தைப் போர்க்களம் காணாமலே கற்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. கற்போம், அரசுகளையும் கற்கச் செய்வோம்!