மேசைமேல் ஒரு போர்க்களம்

விளையாட்டு என்றவுடன் ஓடுதலும் தாவுதலும் பந்தாடுதலுமே பலர்க்கு நினைவிற்கு வரும். அவை உடலை உரம்பெறச் செய்வன. அறிவை உரம்பெறச் செய்யும் விளையாட்டுகளும் உலகில் உண்டு. பண்டைக்காலப் போர்களைச் சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டு மேசையின்மீது நடத்திப் பார்ப்பது அவற்றுள் ஒன்று. தந்தையும் தாயும் மக்களும் ஒன்றுகூடி இதனை ஆடும் இல்லங்களும் உண்டு. ‘போரை விளையாட்டாக்குவது தகுமோ? இளம் நெஞ்சில் அது கொடுமையை விதைக்காதோ?’ என்று வினவுவோரும் உளர். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

போரை ஆடலாக்கும் வழக்கம் மிகப் பழையது. இந்திய நாட்டில் தோன்றிய சதுரங்கம் யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையில் அடக்கிக் காட்டியது. ஐரோப்பாவில் 1824-ஆம் ஆண்டளவில் பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர்கள் நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி பெற்றனர். இவ்வாடலை இல்லத்திற்குக் கொண்டுவந்தோருள் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் குறிப்பிடத்தக்கவர். அவர் வீட்டுத் தரையில் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடி மகிழ்ந்தவர்; அவ்வாடலின் விதிகளை 1913-இல் ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். அவருடைய வீரர்கள் துப்பாக்கியும் பீரங்கியும் கொண்டவர்கள். பிற்காலத்தோர் வில்லும் வேலும் யானையும் நிறைந்த பண்டைக்காலத்தை நாடினர். அத்தகையோர்க்கென இங்கிலாந்தில் 1965-இல் ஒரு கழகமும் தோன்றியது. 1990-இல் வெளிவந்த ஒரு விதிநூல் இவ்வாடலை மிகவும் எளிதாக்கியது.

அந்நூலின் முறைப்படி ஒவ்வொருவர்க்கும் பன்னிரண்டு பிரிவுகளே படை. சிறு அட்டையொன்றில் ஒட்டிய சில வீரர்களே ஒரு பிரிவு ஆவர். பகடையை உருட்டினால் விழும் எண், அம்முறை எத்தனை நகர்வுகள் செய்யலாம் என்பதைக் காட்டும். இரு பிரிவுகள் எதிர்ப்படும்போது இருவரும் பகடை உருட்டித் தத்தம் பிரிவின் வலிமை எண்ணைக் கூட்டுவர். தொகை குறைந்தவர் பெரும்பாலும் பின்வாங்குவர். பின்வாங்க வழியின்றிச் சூழப்பட்ட பிரிவு அழியும். நான்கு பிரிவுகளை இழந்து, எதிரியினும் மிகுதியாக இழந்தவர் தோற்றவர் ஆவர். ஒரு போர் முடிய ஒரு மணி நேரமே போதும்.

மழை பெய்யும் ஒரு மாலைப்பொழுதில் இத்தகைய மேசையைச் சுற்றி ஒரு குடும்பம் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். பச்சைத்துணி நிலமாகின்றது; மடித்த துணி குன்றாகின்றது. கி.மு. 216-இல் இத்தாலியில் நிகழ்ந்த கன்னேப் போர் அன்றைய ஆட்டம். தந்தை உரோமர் பக்கம். பன்னிரண்டு வயது மகள் கார்த்தேஜ் நாட்டுத் தலைவன் ஹானிபாலின் பக்கம். உரோமர் தொகையிற் பெரியவர். தந்தை நடுப்படையை நெருக்கமாக நிறுத்தி முன்னேறுகின்றார். மகளின் நடுப்படை மெல்லப் பின்வாங்குகின்றது. தந்தை மகிழ்கின்றார். ஆயின் இருபுறமும் நின்ற அவள் படைகள் உட்புறம் திரும்புகின்றன. குதிரைப்படை சுற்றிவந்து பின்புறம் தாக்குகின்றது. உரோமர்க்குப் பின்வாங்க இடமில்லை. தொகைப் பெருமை ஒன்றே வெற்றி தாராது என்பதை நூலில் படித்த மகள் இப்போது கண்ணாற் காண்கின்றாள்.

தோற்ற தந்தை முகம் சுளிக்காமல் மகளைப் பாராட்டுகின்றார். தோல்வியை ஏற்கும் பண்பைப் பிள்ளைகள் அறிவுரையினும் பெரியோர் நடத்தையிலேயே விரைவிற் கற்கின்றனர். மேலும், இம்மேசையில் விதி அனைவர்க்கும் ஒன்றே. ஈன்ற தந்தையாயினும் பகடையில் விழுந்த எண்ணை மாற்ற இயலாது. நேர்மையைப் பழக்க இதனினும் எளிய பள்ளி யாது?

இனி, ஐயுறுவோர் கூற்றை நோக்குவோம். பிரஷ்யத் தலைவர்கள் கட்டைகளை நகர்த்தியது அமைதிக்காக அன்று. உண்மைப் போரில் வெல்வதற்காகவே. ஆதலின், மேசைப் போர் தானாகவே மனிதரை இரக்கமுள்ளவர் ஆக்கும் என்று கூறுதல் பொருந்தாது. வெற்றி ஒன்றையே எண்ணி ஆடும் பிள்ளைக்கு உயிர்கள் வெறும் கட்டைகளாகத் தோன்றுதலும் கூடும். ஆகவே ஐயுறுவோர் அஞ்சுவது வீண் அச்சமன்று. ஆயின் அதற்கு மருந்து ஆட்டத்தை விலக்குவதன்று. பெரியோர் உடனிருந்து, ஆட்டம் முடிந்தபின் உண்மைப் போரைப் பற்றிப் பேசுவதே மருந்து.

வெல்ஸ் தம் நூலை முடிக்கும்போது இவ்வழியையே காட்டினார். பொம்மைப் போரில் சிலமுறை ஈடுபட்டவர்க்கே உண்மைப் போர் எத்துணைப் பேதைமை மிக்கது என்பது விளங்கும் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான இளைஞர் மாண்டனர்.

கன்னேயை ஆடிய அக்குடும்பமும் இறுதியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்போரில் மாண்ட உரோமர் ஏறத்தாழ 48,000 பேர் என்று லிவி என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார்; பொலிபியஸ் கூறும் தொகை 70,000. குறைந்த தொகையையே கொள்வோம். மாண்டவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பொம்மை வைத்து, ஒன்றுக்கு இரண்டரைச் சென்டிமீட்டர் இடம் விட்டு வரிசையாக நிறுத்தினால், அவ்வரிசை 1,200 மீட்டர் நீளும். மேசையில் அது அடங்காது, வீட்டிலும் அடங்காது. வாயிலைக் கடந்து தெருக்கள் பலவற்றின் வழியே அது சென்றுகொண்டே இருக்கும். அவ்வொவ்வொரு பொம்மைக்கும் ஒரு தாய் இருந்தாள் என்று அருகிருக்கும் தாய் ஒரு சொல் கூறினால், அப்பாடத்தைப் பிள்ளைகள் ஒருநாளும் மறவார்.

ஆட்டம் முடிந்தபின் வீழ்ந்த பொம்மைகளைப் பிள்ளைகள் எடுத்து நிறுத்திப் பெட்டியில் வைக்கின்றனர். மறுவாரம் அவை மீண்டும் போரிடும். களத்தில் வீழ்ந்த மனிதரை எழுப்பி நிறுத்தும் கை எதுவும் இல்லை. இவ்வேறுபாட்டை உணர்த்தும் இல்லத்தில் மேசைமேல் நடக்கும் போர் அமைதிக்கே துணைசெய்யும்.