கழற்றும் முன் கேளுங்கள்!



ஒரு பொருள் பழுதானதும் திருப்புளியைத் தேடி ஓடுகிறவர்கள் நம்மில் பலர். அதற்கு முன் ஒரு கேள்வியைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குச் சாட்சியாக ஒரு பழைய வண்டியை அழைக்கிறேன்.

கரடுமுரடான பாதைகளில் செல்வதற்காக அமெரிக்காவில் தயாரான வண்டி ஜீப் செரோக்கீ; அதன் ஒரு வடிவம் 1980களில் அறிமுகமாகி, 2001 வரை தயாரானது. மின்னசோட்டா போன்ற வட மாநிலங்களில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரையும் இறங்குவதுண்டு. அங்கே வண்டியிலுள்ள ஹீட்டர் சொகுசுப் பொருளன்று. முன்கண்ணாடியில் படியும் பனியை உருக்குவதும் அதுவே. அது நின்றுபோனால் ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது.

ஹீட்டர் எவ்வாறு வேலை செய்கிறது? பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரங்களுக்குப் போவதில்லை. ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது; இன்னொரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் எடுத்துக்கொள்கிறது. இந்தச் சுடுநீரில் கொஞ்சம், ஓட்டுநருக்கு எதிரேயுள்ள முகப்புப் பலகையின் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் சென்று திரும்புகிறது. ஒரு விசிறி அதன் வழியே காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான்! வீணாகும் வெப்பமே வண்டிக்குள் கதகதப்பைத் தருகிறது.

ஒருநாள் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "குட்டி ரேடியேட்டர் போய்விட்டது, மாற்று!" என்பார் அவசரக்காரர். செரோக்கீயில் அதை மாற்ற முகப்புப் பலகையையே பெயர்த்தெடுக்க வேண்டும். அத்தனை உழைப்புக்கும் செலவுக்கும் பிறகு மீண்டும் குளிர்ந்த காற்றே வந்தால்?

சிந்திப்பவர் வேறு வழியில் செல்வார். ஹீட்டரைத் திறந்துவைத்து எஞ்சினை நன்கு சூடேற்றுவார். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் கையுறை அணிந்து தொட்டு ஒப்பிடுவார்.

இரண்டும் சூடாக இருந்தால் நீர் ஒழுங்காக ஓடுகிறது. குற்றம் காற்றின் பக்கம். விசிறியையும் காற்றைத் திருப்பும் கதவையும் பார்க்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் நீர் நடுவழியில் தடைப்படுகிறது. வால்வு திறக்காமலிருக்கலாம், துருவும் கசடும் அடைத்திருக்கலாம். எஞ்சின் ஆறியபின் குழாய்களைக் கழற்றி, எதிர்த் திசையில் மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சினாலே பலமுறை அடைப்பு நீங்கிவிடும். இரண்டுமே ஆறியிருந்தால் நீர் குறைந்திருக்கலாம். உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். அல்லது ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் எப்போதும் திறந்தே கிடக்கலாம். அது விலை மலிவான சிறு பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சூடான எஞ்சினின் நீர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் மிகுதியாக இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நீர் குபீரென்று கொதித்துச் சீறும். நீர் உறையாதிருக்கக் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. அதைச் சாக்கடையில் கொட்டினால் நாய் பூனைகள் நக்கிச் சாகக்கூடும்.

"அனுபவமுள்ள மெக்கானிக்குக் கேள்வி எதற்கு? பார்த்தவுடன் சொல்லிவிடுவாரே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், அந்தக் கேள்விகளைப் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுத்தான் அவர் அந்த வேகத்தைப் பெற்றார். பொருளை மாற்றுவது எளிது; எது பழுது என்று காண்பதே அறிவியல்.

நாளைக்கு உங்கள் டார்ச் விளக்கு எரியாவிட்டால் உடனே புது பல்பு வாங்க ஓடாதீர்கள். அதன் பாட்டரிகளை வேறொரு நல்ல டார்ச்சில் போட்டுப் பாருங்கள். எரிகிறதா, இல்லையா? அங்கிருந்து தொடங்குங்கள்.