தளபதிக்குக் குதிரை, குதிரைக்கு யார்?

சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோவின் சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. ‘தளபதிக்கும் குதிரைக்கும் நடுவே தோல்கூடத் தேவைப்படாத அன்பு, போர் முடிந்தபின் மிஞ்சுவது இதுதான்’ என்று இதற்கு உருக்கமாக விளக்கம் சொல்கிறார்கள்.

சிலை வைக்கப்பட்டது 1839இல். மன்றோ காலராவில் இறந்து அப்போது 12 ஆண்டுகள். இதன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இன்று நிற்கும் சிலையில் மன்னர் நான்காம் ஜார்ஜையும் சேணமில்லாமல்தான் ஏற்றிவைத்தார். அந்த மன்னர் போர்க்களமே காணாதவர். ஆக, இது பாசமல்ல, சிற்பியின் பாணி.

அன்பே பொய் என்று நான் சொல்லவில்லை. வாட்டர்லூ போரில் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனைச் சுமந்த கோபன்ஹேகன் என்ற குதிரை, அவருடைய பண்ணையிலேயே ஓய்வில் வாழ்ந்து 1836இல் இறந்தது. ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். ஆனால் அந்த மரியாதை குதிரைக்கா, அதன்மேல் அமர்ந்திருந்த புகழுக்கா?

விடை கெய்ரோவில் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளை ஆயிரக்கணக்கில் எகிப்தில் விற்றுவிட்டுக் கிளம்பியது. 1930இல் அங்கே போன டோரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி, எலும்பும் தோலுமாக வண்டியிழுத்த அந்தக் கிழட்டுக் குதிரைகளைக் கண்டார். நன்கொடை திரட்டி 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவற்றுக்கு வலியில்லாத சாவைத்தான் தர முடிந்தது. 1934இல் குதிரைகளுக்கான மருத்துவமனை தொடங்கினார்.

தளபதியின் ஒரு குதிரையைக் காட்டிப் போருக்கு ஈரநெஞ்சு உண்டு என்று வாதிடுபவர்கள், விற்ற குதிரைகளின் கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும்.